வெளியே போனவர் எப்படித் திரும்பி வந்தார்? ரக்பியின் மாற்று வீரர் விதிகள்

போன எபிசோடில் ரக்பி ஸ்க்ரம் பற்றிப் பேசினோம். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. "மாத்திட்டு வெளியே போன ஆள் பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப உள்ள வர்றாரே, எப்படிங்க?" என்று ஒருவர். "பெஞ்ச்ல ஆள் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு டீம் 13 பேரோட ஆடுச்சு, ஏன்?" என்று இன்னொருவர். மூன்றாமவர் கேள்வியே கேட்கவில்லை. "கிரிக்கெட்ல சப் வந்தா பேட்டிங், பவுலிங் கிடையாதுன்னு ஒரே வரியில முடிச்சுடலாம். இங்க தலையும் புரியல வாலும் புரியல" என்று எழுதி அனுப்பியிருந்தார். நியாயமான புலம்பல்தான்.

எனவே இன்றைக்கு மாற்று வீரர் விதிகள். நான் பேசப்போவது 15 பேர் ஆடும் ரக்பி யூனியன் பற்றி. விதிகளை ஒன்று, இரண்டு என்று வாசித்துக் காட்டப் போவதில்லை. அப்படி வாசித்தால் எனக்கே தூக்கம் வரும். இந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது, பெரும்பாலும் ஒரு ஏமாற்று வேலையோ ஒரு விபத்தோ. அந்தச் சம்பவங்கள் வழியாகப் போனால் விதி தானாகவே மனசில் நிற்கும்.

முதலில் அடிப்படை. சர்வதேச ஆட்டத்தில் ஓர் அணிக்கு 23 பேர். 15 பேர் களத்தில், 8 பேர் பெஞ்சில். களத்தில் 1 முதல் 8 வரை எண் போட்டிருப்பவர்கள் ஃபார்வர்டுகள்: ஸ்க்ரம்மில் தள்ளுபவர்கள், கனமான ஆட்கள். 9 முதல் 15 வரை பேக்குகள்: ஓடுபவர்கள், உதைப்பவர்கள். பெஞ்சில் இருக்கிற 8 பேரையும் பயிற்சியாளர் எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம்.

விதிப்புத்தகம் இதில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. காயம்பட்டவருக்குப் பதிலாக வருபவர் ரீப்ளேஸ்மென்ட். காயம் எதுவும் இல்லாமல், ஆட்டத் தந்திரத்துக்காக இறக்கப்படுபவர் சப்ஸ்டிட்யூட். டிவி வர்ணனையில் இரண்டையும் கலந்து கட்டி அடிப்பார்கள். ஆனால் வித்தியாசம் பெரியது. காயம் என்று சொல்லி வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப முடியாது, கதை முடிந்தது. தந்திரத்துக்காக வெளியே எடுக்கப்பட்டவரோ சில சூழ்நிலைகளில் திரும்பி வரலாம். அந்தச் "சில சூழ்நிலைகள்" என்கிற வாசல் வழியாகத்தான் ரக்பியின் மிகப் பெரிய அவமானம் ஒன்று உள்ளே நுழைந்தது. அதற்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் இந்தச் சிக்கலே கிடையாது, ஏனென்றால் மாற்று வீரரே கிடையாது. 1968 வரை சர்வதேச ஆட்டத்தில் ஒருவர் கால் உடைந்து போனால், மீதி 14 பேர் ஆட வேண்டியதுதான். இரண்டு பேர் போனால் 13. இதை வீரம் என்று நினைத்தார்கள். வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவதுதான் ரக்பி, ஆள் மாற்றுவதெல்லாம் ஆட்டத்தையே கெடுத்துவிடும் என்பது அன்றைய பெரியவர்களின் எண்ணம்.

1968-இல் விதி இளகியது. ஓர் அணிக்கு இரண்டு மாற்றுகள், அதுவும் இனி ஆட முடியாது என்று மருத்துவர் சொன்னால் மட்டும். அந்த ஆண்டு பிரிட்டிஷ் லயன்ஸ் அணி தென்னாப்பிரிக்கா போயிருந்தது. பிரிட்டோரியாவில் முதல் டெஸ்ட். லயன்ஸின் ஃப்ளை ஹாஃப் பாரி ஜானுக்குக் காறை எலும்பு உடைந்தது. அவருக்குப் பதிலாக அயர்லாந்தின் மைக் கிப்ஸன் இறங்கினார். சர்வதேச ரக்பியின் முதல் மாற்று வீரர் அவர்தான். பாரி ஜான் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் மறுபடி வருவார்.

அந்தக் காலத்து மாற்று வீரர் கதைகளில் எனக்குப் பிடித்தது சிக்கோ ஹாப்கின்ஸுடையது. 1970, ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்துக்கு எதிராக வேல்ஸ். வேல்ஸின் ஸ்க்ரம் ஹாஃப் கேரத் எட்வர்ட்ஸ், அந்தத் தலைமுறையின் பெரிய நட்சத்திரம். அவர் இருக்கும்வரை ஹாப்கின்ஸுக்கு வாய்ப்பே இல்லை. அன்றைக்கு எட்வர்ட்ஸ் அடிபட்டு வெளியே போக, கடைசி இருபது நிமிடத்துக்கு ஹாப்கின்ஸ் இறங்கினார். வந்தவர் ஒரு ட்ரையும் போட்டார், பின்தங்கியிருந்த வேல்ஸ் 17-13 என்று ஜெயித்தது. வேல்ஸுக்காக அவர் ஆடிய ஒரே சர்வதேச ஆட்டம் அதுதான். விதி இரண்டு வருஷம் முன்னால் மாறியிருக்காவிட்டால் அந்த ஒன்றும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. மாற்று வேண்டுமென்றால் காயம் வேண்டும். சரி, காயம் இருக்கிறது என்று வீரர் சொன்னால்? தொடை பிடித்துக்கொண்டது என்று ஒருவர் நொண்டினால், இல்லை நீ பொய் சொல்கிறாய் என்று எந்த மருத்துவர் சொல்லப்போகிறார்? தசை வலியை வெளியிலிருந்து அளக்கும் கருவி கிடையாது. 1995-இல் ரக்பி தொழில்முறை ஆட்டமானது. பணம் வந்ததும் இந்த நாடகத்தை நடத்திக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லாமல் போனது. அடுத்த ஆண்டே, 1996-இல், காயம் இல்லாமலும் மாற்றலாம் என்று அனுமதித்தார்கள். அனுமதித்த எண்ணிக்கை படிப்படியாக ஏறி இன்று 8-இல் நிற்கிறது.

இப்போது அந்த வாசலுக்கு வருவோம். தந்திரத்துக்காக வெளியேற்றப்பட்டவர் எப்போது திரும்பலாம்? முன்வரிசை வீரர் ஒருவர் காயம்பட்டால். யாருக்காவது ரத்தக் காயம் என்றால். யாரையாவது தலைக்காயப் பரிசோதனைக்கு அழைத்துப் போனால். எதிரணியின் முறைகேடான தாக்குதலில் ஒருவர் அடிபட்டு, அதை நடுவர்கள் உறுதி செய்தால். இதுபோக, அட்டை வாங்கிய முன்வரிசை வீரர் சம்பந்தப்பட்ட ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். முறைகேடான தாக்குதல் விதியை எடுத்துக்கோங்க. எதிரணியின் மாற்று வீரர்கள் எல்லாரும் இறங்கி முடிந்த பிறகு, ஒருவன் வேண்டுமென்றே இடித்து ஒருவரைச் சாய்த்தால் என்ன ஆகும்? அடித்தவன் அணிக்கு லாபம். அந்த லாபத்தை அடைக்கத்தான் விதி. ரத்த விதியும் அப்படியே. ரத்தம் ஒழுகிக்கொண்டு யாரும் ஆடக்கூடாது, எனவே 15 நிமிடம் வெளியே போய்த் தையல் போட்டுக்கொண்டு வரலாம், அதுவரை வேறு ஒருவர் ஆடலாம். அந்த 15 நிமிடம் சுவர்க் கடிகார நிமிடம், ஆட்டக் கடிகாரம் நின்றாலும் இது நிற்காது. நேரத்துக்குள் வராவிட்டால் மாற்று நிரந்தரம்.

இனி 2009 ஏப்ரல் 12. லண்டனில் ஹார்லக்வின்ஸ் அணியின் சொந்த மைதானமான ஸ்டூப். ஹைனகன் கோப்பை கால் இறுதி, எதிரணி அயர்லாந்தின் லென்ஸ்டர். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது லென்ஸ்டர் 6, ஹார்லக்வின்ஸ் 5. ஒரே ஒரு உதை உள்ளே போனால் மூன்று புள்ளி, அரை இறுதி. ஆனால் அணியின் சிறந்த உதைப்பாளரான நியூசிலாந்துக்காரர் நிக் எவன்ஸ் ஏற்கெனவே மாற்றப்பட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார். அவர் திரும்ப வர ஒரே வழி, களத்தில் யாருக்காவது ரத்தம் வர வேண்டும்.

ரத்தம் வந்தது. டாம் வில்லியம்ஸ் என்ற விங்கர் வாயெல்லாம் சிவப்பாக, ஃபிசியோவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். நடக்கும்போது தன் பக்கத்து ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அது கேமராவில் பதிவானது. லென்ஸ்டர் பக்கம் அப்போதே சத்தம் போட்டார்கள். வில்லியம்ஸின் வாயில் இருந்தது போலி ரத்தக் குப்பி, வேடிக்கைப் பொருள் கடையில் விற்கிற சமாச்சாரம். களத்தில் ஃபிசியோ கொடுத்தார், இவர் காலுறைக்குள் வைத்திருந்து பிறகு கடித்தார். உடை மாற்றும் அறையில் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்றதும் பயம் வந்து, தன் உதட்டைக் கீறிவிடும்படி அணி மருத்துவரிடமே கெஞ்சினார். அவரும் கீறினார்.

இத்தனைக்கும் பிறகு எவன்ஸ் உள்ளே வந்து ஒரு ட்ராப் கோல் முயன்றார். போகவில்லை. லென்ஸ்டர் 6-5 என்று ஜெயித்து, அந்த ஆண்டுக் கோப்பையையும் தூக்கியது.

விசாரணையில் இது முதல் முறை அல்ல என்பதும் வெளிவந்தது. அதற்கு முன்பும் நான்கு தடவை அந்த அணி போலி ரத்தம் காட்டியிருக்கிறது. அணி இயக்குநர் டீன் ரிச்சர்ட்ஸுக்கு மூன்று ஆண்டு தடை, ஃபிசியோவுக்கு இரண்டு ஆண்டு, கிளப்புக்கு 3 லட்சம் யூரோ அபராதம். வில்லியம்ஸுக்கு முதலில் 12 மாதம். மேல்முறையீட்டில் முழு உண்மையையும் சொன்ன பிறகு அது 4 மாதமாகக் குறைந்தது. மருத்துவர் தொழில் ஒழுங்குக் குழுவின் முன் நிற்க வேண்டியிருந்தது, உரிமம் மட்டும் தப்பியது.

இந்தச் சம்பவத்துக்கு 'பிளட்கேட்' என்று பெயர். இதை ஜோக்காகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த மருத்துவர் பகுதியில் சிரிப்பு நின்றுபோகிறது. நோயாளியைக் காப்பாற்ற இருக்கிற ஒருவர், காயமே இல்லாத இடத்தில் கத்தியை வைக்கிற நிலைக்கு ஒரு விளையாட்டு விதி கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு மருத்துவரின் தீர்ப்பில் ஆட்டத்தின் முடிவைத் தொங்கவிட்டால், அவர் மேல் வரும் அழுத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். இப்போது சர்வதேச ஆட்டங்களில் ரத்தக் காயத்துக்கு மாற்று தேவையா என்று முடிவு செய்வது அணி மருத்துவர் அல்ல, அன்றைய ஆட்டத்துக்கென்று நியமிக்கப்பட்ட தனி மருத்துவர்.

அடுத்தது தலை. ரத்தத்தையாவது கண்ணால் பார்க்கலாம். மூளை அதிர்ச்சியை, கன்கஷன் என்று சொல்கிறோமே, அதை எப்படிப் பார்ப்பது? 2012-இல் ஒரு சோதனை முயற்சி தொடங்கியது. சந்தேகம் இருந்தால் வீரரை 5 நிமிடம் வெளியே எடுத்துப் பரிசோதிக்கலாம், அதுவரை தற்காலிக மாற்று. அடுத்த ஆண்டே அதன் பலவீனம் உலகத்துக்கே தெரிந்தது. 2013 ஜூலை, சிட்னி, லயன்ஸ் தொடரின் மூன்றாவது டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் ஸ்மித் தலையோடு தலை மோதி, கால் தள்ளாட வெளியே அழைத்துச் செல்லப்பட்டார். பார்த்தவர்கள் எல்லாரும் இன்றைக்கு இவர் அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். சில நிமிடத்தில் திரும்பி வந்து ஆடினார். 5 நிமிடச் சோதனையில் தேறிவிட்டாராம்!

அந்தக் கோபத்துக்குப் பிறகு நேரம் 10 நிமிடமாகி, இப்போது 12 நிமிடம். பெயர் தலைக்காயப் பரிசோதனை, சுருக்கமாக எச்.ஐ.ஏ. உள்ளே என்ன நடக்கிறது? சில சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். எண்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். எந்த மைதானம், எந்தப் பாதி, போன ஆட்டம் யாரோடு என்கிற மாதிரி கேள்விகள். ஒரே கோட்டில் குதிகால் விரலைத் தொடுகிற மாதிரி நடக்க வேண்டும். சீசன் தொடக்கத்தில் அதே வீரர் நல்ல நிலையில் எடுத்த மதிப்பெண்ணோடு இதை ஒப்பிடுவார்கள். முக்கியமாக, களத்திலேயே நினைவிழந்தாலோ, கால் தள்ளாடினாலோ, கைகால் விறைத்தாலோ பரிசோதனையே கிடையாது, நேராக நிரந்தர வெளியேற்றம். 2013-இல் ஸ்மித்துக்கு நடந்தது இன்று நடந்திருந்தால் அந்த 12 நிமிடமே கிடைத்திருக்காது. 2024 முதல் மேல்மட்ட ஆட்டங்களில் பல்கவசத்துக்குள் சென்சார் வைத்திருக்கிறார்கள். அடி ஓர் அளவைத் தாண்டினால் மருத்துவரின் திரையில் எச்சரிக்கை வரும், யாரும் கவனிக்காத மோதலுக்கும்.

இந்தப் பரிசோதனை வசதி எல்லா ஆட்டத்துக்கும் கிடையாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். உலக ரக்பி அமைப்பு அனுமதித்த மேல்மட்ட ஆட்டங்களுக்கு மட்டும்தான். பள்ளியிலோ உள்ளூர் கிளப்பிலோ 12 நிமிடக் கணக்கெல்லாம் இல்லை. தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் வெளியே எடு, அன்றைக்குத் திரும்ப இறக்காதே. அவ்வளவுதான்.

இதிலும் தந்திரம் புகுந்ததா என்று கேட்டால், புகுந்தது என்கிற குற்றச்சாட்டு உண்டு. 2017 மார்ச், பாரிஸ், பிரான்ஸ் - வேல்ஸ். 80 நிமிடம் முடிந்தும் ஆட்டம் முடியவில்லை. வேல்ஸ் கோட்டுக்குப் பக்கத்தில் ஸ்க்ரம், தவறு, மறுபடி ஸ்க்ரம் என்று போய்க்கொண்டே இருந்தது. ரக்பியில் பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை, பெனால்டி வந்துகொண்டே இருக்கும்வரை விசில் ஊத முடியாது. அந்த நேரத்தில் பிரான்ஸின் ப்ராப் உய்னி அட்டோனியோ தலைக்காயப் பரிசோதனை என்று வெளியே போக, முன்னரே மாற்றப்பட்டிருந்த ரபா ஸ்லிமானி உள்ளே வந்தார். ஸ்க்ரம்மில் அவர் பலசாலி. நூறாவது நிமிடத்தில் பிரான்ஸ் ட்ரை போட்டு 20-18 என்று ஜெயித்தது. அட்டோனியோவுக்குத் தலையில் அடியே படவில்லை என்று வேல்ஸ் கொதித்தது. விசாரணை நடந்தது, யாருக்கும் தண்டனை வரவில்லை.

சரி, ஏன் தண்டிக்கவில்லை என்று கோபம் வரலாம். ஆனால் யோசிச்சுப் பாருங்க. தலையில் அடி என்று ஒரு மருத்துவர் சொன்ன பிறகு, இல்லை என்று எதை வைத்து நிரூபிப்பது? நிரூபிக்க முயன்று கடுமையாகத் தண்டித்தால் அடுத்த ஆட்டத்தில் என்ன நடக்கும்? உண்மையிலேயே சந்தேகப்படும் மருத்துவர் வாயைத் திறக்கத் தயங்குவார். அந்தத் தயக்கம் ஒரு இளைஞனின் மூளை. இந்த இடத்தில் என் கருத்து தெளிவு: தலைக்காய வாசல் தாராளமாகத் திறந்தே இருக்கட்டும். பத்துப் பேர் அதில் ஏமாற்றிக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

இனி முன்வரிசை. 13 பேரோடு ஆடிய அணி பற்றிய கேள்விக்குப் பதில் இங்கேதான். போன எபிசோடு கேட்காதவர்களுக்கு: ஸ்க்ரம்மின் முன்வரிசையில் மூன்று பேர், இரண்டு ப்ராப், நடுவில் ஹூக்கர். ஒரு பக்கத்து எட்டுப் பேரின் எடை 900 கிலோவைத் தொடும். அந்தத் தள்ளல் முழுக்க இந்த மூவரின் கழுத்திலும் முதுகெலும்பிலும் இறங்குகிறது. பழக்கமில்லாதவரை அங்கே நிறுத்தினால் கழுத்து முறியும், சும்மா சொல்லவில்லை. அதனால் விதி பிடிவாதமாக இருக்கிறது. 23 பேர் அணியில் மூன்று இடத்துக்கும் தலா ஒரு பயிற்சி பெற்ற மாற்று பெஞ்சில் இருந்தே தீர வேண்டும். அந்த மாற்றும் போய்விட்டால்? ஸ்க்ரம் இருக்கும், ஆனால் யாரும் தள்ளக் கூடாது, கை கோர்த்து நின்று பந்தை வெளியே விட வேண்டும். தள்ளாத ஸ்க்ரம் என்று வைத்துக்கொள்வோம்.

இதில் யாருக்கு லாபம்? ஸ்க்ரம்மில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் பலவீனமான அணிக்கு. ஐயோ எங்கள் ப்ராப்புக்குக் காயம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அதை அடைக்க இன்னொரு விதி போட்டார்கள்: யாருடைய வெளியேற்றத்தால் தள்ளாத ஸ்க்ரம் வந்ததோ, அவருக்கு மாற்று கிடையாது. அணி ஓர் ஆள் குறைந்துதான் ஆட வேண்டும்.

2022 பிப்ரவரி, டப்ளின், அயர்லாந்து - இத்தாலி. இத்தாலியின் ஹூக்கர் லுக்கேஸி தொடக்கத்திலேயே காயத்தால் வெளியேறினார். மாற்று ஹூக்கர் ஹாமே ஃபைவா வந்தார். 19-ஆவது நிமிடத்தில் உயரமான டேக்கிளுக்கு அவருக்குச் சிவப்பு அட்டை. அணியில் வேறு ஹூக்கர் இல்லை. அட்டை வாங்கிய முன்வரிசை வீரருக்குத்தான் அந்த விதிவிலக்கு: அவர் இடத்துக்குப் பெஞ்சிலிருந்து பயிற்சி பெற்ற ஒருவரை இறக்கலாம், பதிலுக்கு வேறொருவரைப் பலி கொடுக்க வேண்டும். இறக்க ஆள் இல்லையென்றால் பலி மட்டும் மிச்சம். சிவப்பு அட்டையால் ஒருவர் குறைவு, தள்ளாத ஸ்க்ரம் வந்ததால் இன்னொருவர் குறைவு. எட்டாம் எண் வீரர் டோவா ஹாலாஃபிஹி ஒரு தப்பும் செய்யாமல் வெளியே போனார். ஒரு மணி நேரம் 13 பேர். முடிவு 57-6. பார்த்த ஐரிஷ் ரசிகர்களுக்கே அலுத்துப்போன ஆட்டம். ஏமாற்றுக்காரர்களுக்காகப் போட்ட வலை, ஏமாற்ற நினைக்கவே இல்லாத ஓர் அணியைப் பிடித்தது. எனக்கு இந்த விதி பிடிக்காது, ஆனால் இதைவிட நல்ல பூட்டு என்னவென்று கேட்டால் என்னிடமும் உடனே பதிலில்லை.

முன்வரிசைக்கு மூன்று இடம் போனால் பெஞ்சில் மீதி ஐந்து. இந்த ஐந்தில்தான் பயிற்சியாளர்களின் விளையாட்டு. வழக்கமான கணக்கு 5-3, அதாவது ஐந்து ஃபார்வர்டு, மூன்று பேக். தென்னாப்பிரிக்கா 2019 உலகக் கோப்பையில் 6-2 என்று வைத்தது. இரண்டாம் பாதியில் கிட்டத்தட்ட ஒரு முழு ஃபார்வர்டு கூட்டத்தையே புதிதாக இறக்கும். 'பாம் ஸ்குவாட்' என்று பெயர். அந்த ஆண்டு யோக்கஹாமா இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் ப்ராப் கைல் சிங்க்ளர் மூன்றாவது நிமிடத்திலேயே மோதி நினைவிழந்தார். மாற்றாக வந்த டான் கோல் மீதி ஆட்டம் முழுவதும் தனியாகத் தள்ள வேண்டியதாயிற்று, ஏனென்றால் மாற்றுக்கு மாற்று கிடையாது. எதிரே இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கிட்ஷாஃப், காக் என்று இரண்டு புது ப்ராப்கள். ஸ்க்ரம் ஸ்க்ரமாகப் பெனால்டி. 32-12.

2023-இல் இன்னும் ஒரு படி போனார்கள். ஆகஸ்டில் ட்விக்கன்ஹாமில் ஒரு பேக் வீரர் கடைசி நேரத்தில் விலக, அவர் இடத்தில் ஃபார்வர்டைச் சேர்த்து 7-1 ஆக்கினார்கள். நியூசிலாந்து 35-7 என்று தோற்றது. அதுவரை அவர்கள் சந்தித்ததிலேயே மோசமான தோல்வி. உலகக் கோப்பை இறுதிக்கும் 7-1. பெஞ்சில் ஒரே ஒரு பேக், வில்லி லெ ரூ. ஸ்க்ரம் ஹாஃப் ஃபாஃப் டி கிளெர்க்குக்கு முறையான மாற்றே கிடையாது. ஆனால் விபத்து வந்தது அந்தப் பக்கத்திலிருந்து அல்ல. ஹூக்கர் போங்கி ம்போனாம்பி மூன்றாவது நிமிடம் முழங்கால் அடிபட்டுப் போனார். இன்னொரு ஹூக்கரான மால்கம் மார்க்ஸ் தொடரின் நடுவிலேயே காயமடைந்து ஊர் போயிருந்தார். அவருக்குப் பதில் தென்னாப்பிரிக்கா சேர்த்தது இன்னொரு ஹூக்கரை அல்ல, ஃப்ளை ஹாஃப் ஹாண்ட்ரே பொலார்டை! ஆக, மிச்சம் இருந்தது 37 வயது டியான் ஃபூரி. அணியில் அவர் வேலை பெரும்பாலும் ஃப்ளாங்கர். முன்பு ஹூக்கராக ஆடிய அனுபவம் உண்டு. மீதி ஆட்டம் முழுக்க அவர்தான் ஹூக்கர். லைன் அவுட்டில் எறிந்த பந்துகள் தடுமாறின. அவருக்கு ஒன்று ஆகியிருந்தால் தள்ளாத ஸ்க்ரம், கூடவே ஓர் ஆள் குறைவு. ஒன்றும் ஆகவில்லை. 12-11, கோப்பை.

2025 மார்ச்சில் டப்ளினில் பிரான்ஸும் 7-1 வைத்தது. முதல் பாதியிலேயே கேப்டன் துப்போன் முழங்கால் போய் வெளியேற, இருந்த ஒரே பேக் மாற்றான லூக்கு இறங்கியாகிவிட்டது. பிறகு சென்டர் பராஸியும் போனார். அங்கே நின்றது ஃப்ளாங்கர் ஆஸ்கர் ஜெகோ, பேக் வரிசையில் ஒரு ஃபார்வர்டு. பிரான்ஸ் 42-27 என்று ஜெயித்தே விட்டது.

சூதாட்டம் பலித்தால் புத்திசாலித்தனம் என்பார்கள், விடுங்க. உண்மையான கவலை வேறு. 60-ஆவது நிமிடத்தில் களைத்துப்போன ஒருவர் மேல், 120 கிலோ எடையில் அப்போதுதான் வியர்வை கூட வராமல் இறங்கிய ஒருவர் முழு வேகத்தில் மோதுகிறார். இது அடிபடுவதைக் கூட்டாதா? 2021-இல் லயன்ஸ் பழைய வீரர்கள் சிலர் உலக ரக்பி அமைப்புக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். வில்லி ஜான் மெக்பிரைட், இயன் மெக்கீகன், கேரத் எட்வர்ட்ஸ் என்று பெரிய பெயர்கள். மாற்று வீரரைக் காயத்துக்கு மட்டும் அனுமதியுங்கள், இல்லையென்றால் களத்தில் யாராவது சாவார்கள் என்கிற அளவுக்குக் கவலை. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் பாரி ஜான். சர்வதேச ரக்பியில் முதன்முதலாக மாற்றப்பட்ட அதே மனிதர்.

இவர்கள் சொல்வதில் பாதி எனக்குச் சரியாகப் படுகிறது. முழு ஆட்டமும் ஆடியாக வேண்டும் என்றால் 130 கிலோ உடம்பு தாங்காது, வீரர்களின் எடை தானாகக் குறையும், கடைசி கட்டத்தில் களைப்பு வந்து இடைவெளி திறக்கும், ஓட்டம் பார்க்கலாம். 13 பேர் ஆடும் ரக்பி லீக்கில் இந்த யோசனை ஏற்கெனவே நடப்பில் உண்டு. ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். 2016-இல் ஆள் மாற்றும் எண்ணிக்கையை 10-இலிருந்து 8 ஆகக் குறைத்தது.

மறுபாதியில்தான் இடிக்கிறது. களைத்தவரின் டேக்கிள் உத்தி கெடும், தலை தப்பான பக்கம் போகும், அதிலும் அடிபடும். அதோடு "காயத்துக்கு மட்டும்" என்றால் நாம் 1996-க்கு முந்தைய நாடகத்துக்கே திரும்புகிறோம். 55-ஆவது நிமிடத்தில் எல்லா ப்ராப்களுக்கும் ஒரே நேரத்தில் தொடை பிடித்துக்கொள்ளும். அதை ஒரு மருத்துவர் சரிபார்க்க வேண்டும். ஸ்டூப் மைதானத்து உடை மாற்றும் அறையைப் பார்த்த பிறகு அந்தப் பாரத்தை மறுபடி மருத்துவர் தலையில் வைக்க எனக்கு மனசில்லை. எட்டுப் பேரும் பெஞ்சில் இருக்கட்டும், தந்திர மாற்று நான்கோ ஐந்தோ என்று வரம்பு வையுங்கள், தலைக்காயத்துக்கு மட்டும் வரம்பே வேண்டாம் என்பது என் கட்சி. மீதி இடங்களில் நாலு பொய்த் தசைப்பிடிப்பு வரத்தான் செய்யும். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு கேள்வி வந்திருந்தது: "சிவப்பு அட்டை வாங்கினவருக்குப் பதில் இப்ப ஆள் இறக்கலாமாமே?" ஆமாம், புதிய முறையில் 20 நிமிடம் அணி 14 பேரோடு ஆட வேண்டும், பிறகு பெஞ்சிலிருந்து வேறு ஒருவர் வரலாம். அட்டை வாங்கியவர் திரும்ப முடியாது. வேண்டுமென்றே செய்த கொடூரமான தாக்குதல் என்றால் பழையபடி முழு ஆட்டத்துக்கும் ஆள் குறைவுதான். அப்படி வருபவர் கூடுதல் ஆள் இல்லை, அதே எட்டுப் பேரில் ஒருவர். எனவே அந்த நேரத்தில் உங்கள் பெஞ்சில் யார் மிச்சம் இருக்கிறார் என்பதை ஒரு கண் பார்த்துக்கோங்க. ஏழு ஃபார்வர்டை வைத்துக்கொண்டு விங்கர் அட்டை வாங்கினால், ஓரத்தில் ஓடப்போவது ஒரு ப்ராப்பாக இருக்கலாம்.